முதல் ஸ்கேன்: குழந்தையின் வயிற்றுக் கட்டியும் அதைக் கண்டறியும் படங்களும்



எங்கள் கதிரியல் துறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: “சார், பெரிய ஸ்கேனே எடுத்துடுங்க.” பெரிய ஸ்கேன் என்று அவர்கள் சொல்வது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. அதற்காக நகையை அடகு வைக்கவும் தயாராக வந்திருப்பார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், குழந்தையின் வயிற்றில் கட்டி என்று சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது பொறுமையாகவும் முழுமையாகவும் பார்க்கப்பட்ட ஓர் அல்ட்ராசவுண்ட்தான். அது நன்றாக அமைந்துவிட்டால் அடுத்தது எது, எப்போது, எத்தனை முறை என்பது தெளிந்துவிடும். அது அவசரத்தில் முடிந்துபோனால், பின்னால் எடுக்கும் படங்களில் பாதி அந்தக் குறையை ஈடுகட்டவே செலவாகும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

பெரும்பாலும் இந்தக் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அம்மாவின் கையிலோ பாட்டியின் கையிலோ ஏதோ கனமாகத் தட்டுப்படும். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். காய்ச்சல் இராது, வலி இராது. வயிறு கொஞ்சம் பெரிதாக இருப்பதை மாந்தம் என்றும் பூச்சி என்றும் எடுத்துக்கொண்டு, பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி அப்படித்தான் சத்தமில்லாமல் வளரும். அட்ரீனல் சுரப்பியில் வரக்கூடிய நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி உள்ள குழந்தை வேறு மாதிரி இருக்கும்: சோர்ந்து, வெளுத்து, தொட்டாலே அழுதுகொண்டு, சில சமயம் நடக்க மறுத்துக்கொண்டு. அறைக்குள் நுழையும் குழந்தையைப் பார்த்தவுடனேயே அனுபவமுள்ள குழந்தை மருத்துவருக்குப் பாதிச் செய்தி கிடைத்துவிடுகிறது.

பெற்றோருக்கு இந்த இடத்திலேயே ஒரு வேண்டுகோள். கட்டி தட்டுப்பட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். வில்ம்ஸ் கட்டியின் மேலுறை மெல்லியது. அது கிழிந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிதறினால் நோயின் நிலையே கூடிவிடும், சிகிச்சையும் கடுமையாகும். மருத்துவ மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பத்துப் பேர் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வயிறு அல்ல அது.

வயிற்றில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோய் என்றும் எண்ணிவிட வேண்டாம். பிறந்த சில வாரங்களில் தென்படும் வீக்கங்களில் பாதிக்கு மேல் சிறுநீரகத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை சிறுநீர் வடியாமல் தேங்கி வீங்கியவை, அல்லது கருவிலேயே சரியாக உருவாகாமல் நீர்ப்பைகளாகிப் போன சிறுநீரகங்கள். பெண் குழந்தைகளுக்குத் தாயின் ஹார்மோனால் சினைப்பையில் நீர்க்கட்டி வருவதுண்டு. அதில் பல தானாகச் சுருங்கிவிடும். வயது ஏற ஏறப் பட்டியல் மாறுகிறது. ஒன்றிரண்டு வயதில் நியூரோபிளாஸ்டோமா. மூன்று வயதுக்குள் கல்லீரலில் ஹெப்பட்டோபிளாஸ்டோமா. மூன்று, நான்கு வயதில் வில்ம்ஸ் கட்டி உச்சம். ஐந்தைத் தாண்டினால் குடலைப் பற்றும் பர்க்கிட் லிம்ஃபோமாவை நினைக்க வேண்டும். குடல் குடலுக்குள் செருகிக்கொள்ளும் கோளாறு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆறு வயதுப் பையனுக்கு வந்தால் அதன் முனையில் ஒரு கட்டி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பர்க்கிட் கட்டி ஒன்றிரண்டு நாளிலேயே இரட்டிப்பாகக் கூடியது. அங்கே ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்ல இடமே இல்லை.

இந்தப் படங்கள் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில், 1899இல், மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் சிறுநீரகக் கலப்புக் கட்டிகளைப் பற்றி எழுதிய நூலால் அவர் பெயர் அந்தக் கட்டிக்கு நிலைத்தது. இரண்டும் சமகாலத்தவை என்றாலும் எக்ஸ்ரேயால் அந்தக் கட்டியை நேரடியாகக் காண முடியவில்லை. வயிற்றின் மென்திசுக்கள் எல்லாம் அதில் ஒரே சாம்பல் நிறம். 1929இல் மோசஸ் ஸ்விக் அயோடின் சேர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றிச் சிறுநீர்ப் பாதையைப் படமெடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்குச் சிறுநீரகம் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, எப்படி உருக்குலைந்திருக்கிறது என்பதை வைத்துக் கட்டியை ஊகித்தார்கள்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு துயரத்தை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். கைக்குழந்தைகளின் நெஞ்சு எக்ஸ்ரேயில் தைமஸ் சுரப்பி பெரிதாகத் தெரியும். அந்த வயதுக்கு அது இயல்பு. அது தெரியாமல் நோய் என்று எண்ணி, ஆரோக்கியமான எத்தனையோ குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் கதிர்வீச்சு பாய்ச்சினார்கள். 1950இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், தைராய்டு புற்றுநோய் வந்த சிறுவர்களில் பலர் இப்படிக் கதிர்வீச்சு பெற்றவர்கள் என்று எழுதினார்கள். குழந்தையின் இயல்பு எது என்று தெரியாத கண்ணுக்கு எவ்வளவு தெளிவான படமும் உதவாது, கெடுதலே செய்யும்.

அல்ட்ராசவுண்டின் பிறப்புக்கும் வயிற்றுக் கட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் மகப்பேறு மருத்துவர். 1955இல் அவர் தம் நோயாளிகளிடமிருந்து அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்களாம். நீர் நிறைந்த கட்டி ஒரு விதமாகவும் கெட்டியான கட்டி வேறு விதமாகவும் எதிரொலிப்பதை அன்று அவர் கண்டார். 1958இல் லான்செட் இதழில் அவரும் பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் மக்விகாரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே வயிற்றுக் கட்டிகளை ஒலியலையால் ஆராய்வது பற்றியதுதான். குணப்படுத்த முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. கட்டி எடுக்கப்பட்டது, அவர் பிழைத்தார். நீரா, திடமா என்ற அந்த முதல் கேள்விக்கு இன்றும் அல்ட்ராசவுண்டைவிடச் சிறந்த விடை கிடையாது.

குழந்தைகளுக்கு இந்தக் கருவி ஏன் இவ்வளவு பொருந்துகிறது? ஒலியின் அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், ஆனால் ஆழத்துக்குப் போகாது. பெரியவர்களின் வயிற்றுக்குக் குறைந்த அதிர்வெண்ணோடு திருப்திப்பட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் முதுகெலும்பே தோலிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. கழுத்து, தைராய்டு பார்க்கப் பயன்படும் உயர் அதிர்வெண் புரோபை வைத்தே சிறுநீரகத்தின் அடுக்குகளை எண்ணலாம். சி.டி.யில் நிலைமை தலைகீழ். பெரியவர்களின் உறுப்புகளுக்கு இடையில் கொழுப்பு இருப்பதால் ஒவ்வோர் உறுப்பின் எல்லையும் கறுப்புக் கோடு இட்டதுபோல் பிரிந்து தெரியும். குழந்தைக்கு அந்தக் கொழுப்பு இல்லை. குடலும் கட்டியும் நிணநீர்க் கணுவும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கும். ஆக, உடல் சிறியதாக இருப்பது ஒரு கருவிக்கு வரம், இன்னொன்றுக்குத் தடை. ‘பெரிய ஸ்கேன்’ கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் விளக்குவது இதைத்தான்.

இனி அந்த அறைக்குள் போவோம். ஏசி குளிரைக் குறைத்திருக்க வேண்டும். ஜெல்லை வெதுவெதுப்பாக்கி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த ஜெல் பட்ட மறுகணமே குழந்தை அழும். அழுதால் காற்றை விழுங்கும். காற்று ஒலியலையைத் தடுக்கும். அம்மாவின் மடியிலேயே படுக்க வைத்துப் பார்க்கலாம். சங்கிலோ புட்டியிலோ கொஞ்சம் பால் கொடுத்துக்கொண்டே பார்க்கலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் இடுப்புப் பகுதி நன்றாகத் தெரியும் என்பதால் அங்கிருந்துதான் நான் தொடங்குவேன். ஜெல் பட்டதும் குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அழுகையையும் வீணாக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் மேலும் கீழும் போகும். கட்டி கல்லீரலோடு சேர்ந்து போகிறதா, அல்லது கல்லீரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று அந்த அசைவு சொல்லிவிடும். எந்த நிழற்படத்திலும் கிடைக்காத தகவல் இது.

எங்கிருந்து முளைத்தது என்பதே எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. கட்டி சிறுநீரகத்துக்கு உள்ளிருந்து வளர்ந்திருந்தால், மிஞ்சிய நல்ல திசு அதன் விளிம்பை நண்டின் கொடுக்கு போலப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து, அதாவது அட்ரீனல் சுரப்பியிலிருந்து வளர்ந்திருந்தால் சிறுநீரகம் முழு வடிவத்தோடு கீழே அமுங்கியோ திரும்பியோ கிடக்கும். அடுத்து ரத்தக் குழாய்கள். வில்ம்ஸ் கட்டி குழாய்களைத் தள்ளும். நியூரோபிளாஸ்டோமா அவற்றைச் சூழ்ந்து தனக்குள் இழுத்துக்கொள்ளும், பெருந்தமனியை முதுகெலும்பிலிருந்து முன்னே தூக்கிவிடும், நடுக்கோட்டைத் தாண்டும். உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் சந்தேகம் நியூரோபிளாஸ்டோமா பக்கம் சாயும்.

வில்ம்ஸ் கட்டி என்று தோன்றினால் புரோபை எடுத்துவிடக் கூடாது. அந்தக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ஏறி, சில குழந்தைகளில் இதயத்தின் வலது மேலறை வரை நாக்கு நீட்டும். கலர் டாப்ளரை வைத்து அந்தச் சிரையை இதயம் வரை பின்தொடர வேண்டும். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறப்பதற்கு முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. அதன் பிறகு மறுபக்கச் சிறுநீரகம். நூறில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருக்கும். ஒரு பக்கத்துப் பெரிய கட்டியைப் பார்த்த திகைப்பில் மறுபக்கத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால், எவ்வளவு சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்கே தவறிப்போகும்.

ஓர் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது. விழுந்திருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். அக்கம்பக்கத்தில் ‘யார் அடித்தது’ என்று கேட்டுத் தாயை அழ வைத்துவிட்டார்கள். கண் மருத்துவர் சோதித்தார். கண்ணில் கோளாறு இல்லை. அவர் செய்த பெரிய காரியம், குழந்தையைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்துப் பார்த்ததுதான். அன்று மாலையே எங்களிடம் அனுப்பினார். இடது சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரீனல் இருக்க வேண்டிய இடத்தில், வெண்புள்ளிகளோடு ஒரு கட்டி. வயிற்றில் இருந்த நியூரோபிளாஸ்டோமா கண்குழி எலும்புகளுக்குப் பரவி அங்கே ரத்தம் கசிந்திருந்தது. அடிபடாமல் இரு கண்களைச் சுற்றியும் கன்றினால் வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதைக் கண் மருத்துவர்களுக்கும் குழந்தைகள் நலப் பணியாளர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் சொல்லி வருகிறேன். கண்கள் கட்டுப்பாடின்றி நாலா பக்கமும் துள்ளுவதும், கைகால் தூக்கிப்போடுவதும் இதே நோயின் இன்னொரு முகம்.

அல்ட்ராசவுண்டுக்கு எல்லை உண்டு. பெரிய கட்டியின் பின்புறம், முதுகெலும்பின் ஓரம், நுரையீரல் ஆகியவை அதற்கு எட்டாது. அங்கேதான் சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் வேலை வருகிறது.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு. இன்றைய கருவி ஒரு குழந்தையின் வயிற்றைச் சில நொடிகளில் முடித்துவிடும். பல குழந்தைகளுக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. வில்ம்ஸ் கட்டி பரவும் முதல் இடம் நுரையீரல். அங்குள்ள சில மில்லிமீட்டர் புள்ளிகளைக் காண சி.டி.யை விட்டால் வேறு வழி இல்லை. சி.டி.யை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஒரு முறை எடுங்கள், சரியாக எடுங்கள் என்கிறேன்.

சரியாக என்றால் என்ன? பெரியவர்களின் கல்லீரலுக்கு மருந்து ஏற்றும் முன்பு ஒரு சுற்று, ஏற்றியதும் ஒரு சுற்று, சிரையில் நிறையும்போது ஒரு சுற்று, தாமதித்து ஒன்று என எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதே புரோகிராமைக் குழந்தைக்கும் ஓட்டினால் கதிர்வீச்சு மூன்று மடங்கு, நான்கு மடங்கு. குழந்தையின் வயிற்றுக் கட்டிக்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் மருந்தோடு ஒரே ஒரு சுற்று போதும். வோல்டேஜையும் கரண்டையும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி குறைக்க வேண்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுமியின் கோப்பு நினைவிலிருக்கிறது. நரம்பில் மருந்து ஏற்றாமல் ஒரு சி.டி. அதில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று இன்னோர் ஊரில் நான்கு சுற்றுகளோடு மற்றொன்று. அந்தப் படங்களின் டிஸ்க் கிடைக்காமல், பாதி மங்கிய ஃபிலிம்கள் மட்டும் கையில். நெஞ்சை எடுக்கவில்லை. அறுவைக்குத் திட்டமிட மூன்றாவது முறையும் எடுக்க வேண்டிவந்தது. இத்தனைக்கும் நடுவில் அவளுடைய மறுபக்கச் சிறுநீரகத்தை யாரும் பொறுமையாக அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கதிர்வீச்சைப் பற்றிப் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தைக்கு ஏற்றபடி எடுத்த ஒரு வயிற்று சி.டி. ஓரிரு ஆண்டுகளின் அந்த இயற்கை அளவை ஒட்டி நிற்கும். கவனமில்லாமல் எடுத்தால் பல மடங்கு. 2012இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தலையில் ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்று கணக்கிட்டது. 2023இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை வைத்து வெளிவந்த ஆய்வும் இதே திசையில்தான் சென்றது: இன்று சி.டி. எடுக்கும் பத்தாயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ரத்தம் சார்ந்த புற்றுநோய். தேவையான சி.டி.யைத் தள்ளிப்போட இது காரணமே ஆகாது. உண்மையான கட்டியின் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. தேவையில்லாத இரண்டாவது, மூன்றாவது சுற்றுக்கு இதைவிட வலுவான மறுப்பும் இல்லை. 2008இல் அமெரிக்கக் குழந்தைக் கதிரியலாளர்கள் முன்னெடுத்து, ‘மென்மையாகப் படமெடுங்கள்’ என்று தொடங்கிய இயக்கம் இதற்காகத்தான் உலகெங்கும் பரவியது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. நியூரோபிளாஸ்டோமா முதுகெலும்பின் துளைகள் வழியாகத் தண்டுவடத்தை நெருக்குகிறதா என்பதற்கு அதுவே உரிய கருவி. கல்லீரல் கட்டிக்கும், இரு சிறுநீரகத்திலும் கட்டி உள்ள குழந்தைக்கும் நான் அதையே பரிந்துரைப்பேன். செல்கள் நெருக்கமாக அடைந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் நிற்பதை அதன் ஒரு வகைப் படம் வெளிச்சமாகக் காட்டும். ஒளிந்திருக்கும் சிறு கட்டிகள் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். சங்கடம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்க மருந்து வேண்டும். மயக்க மருத்துவர் வேண்டும். குழந்தை பட்டினி கிடக்க வேண்டும். பட்டினி என்று சொல்லிக் காலை எட்டு மணிக்கு வரச் செய்து மாலை மூன்று மணிக்கு எடுப்பது கொடுமை. குழந்தைகளை முதலில் எடுக்கும் பட்டியல் ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு மயக்க மருந்தே வேண்டாம். வயிறார பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடிவிட்டால் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்துக்குள் படம் முடிந்துவிடும்.

அணு மருத்துவத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்து நார்அட்ரினலினைப் போன்ற அமைப்புக் கொண்டது. பத்து நியூரோபிளாஸ்டோமாவில் ஒன்பது அதை விழுங்கிவிடும். அதோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஏற்றினால் உடலில் எந்த எலும்பில், எந்த மஜ்ஜையில் நோய் இருந்தாலும் ஒளிரும். முன்கூட்டியே சாதாரண அயோடின் கொடுத்துத் தைராய்டைக் காக்க மறக்கக் கூடாது. படத்துக்குச் சிறந்த அயோடின்-123இன் அரையாயுள் 13 மணி நேரமே. அதை உண்டாக்க சைக்ளோட்ரான் வேண்டும். லிம்ஃபோமாவுக்கு பெட் ஸ்கேன் பயன்படுகிறது.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். மற்ற பல புற்றுநோய்களில் படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும். தீர்ப்பைத் திசுப் பரிசோதனை சொல்லும். வில்ம்ஸ் கட்டியில் அப்படி இல்லை. ஊசி குத்திச் சதை எடுத்தால் கட்டி கசியக்கூடும். அமெரிக்க நெறிமுறைப்படி, அறுவைக்கு முன் பயாப்ஸி செய்த கட்டி மூன்றாம் நிலையாகவே கணக்கிடப்படும். அங்கே பெரும்பாலும் முதலில் அறுவை. ஐரோப்பாவில் உருவான எஸ்.ஐ.ஓ.பி. நெறிமுறையில், வயதும் படமும் பொருந்தினால் பயாப்ஸி இல்லாமலே நான்கு வாரக் கீமோதெரபி தொடங்கி, கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை. நம் நாட்டில் கட்டி மிகப் பெரிதான பிறகே பல குழந்தைகள் வருவதால், பல மையங்கள் இரண்டாவது வழியையே விரும்புகின்றன. இரண்டிலும் பலன் ஏறத்தாழச் சமம். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இரண்டாவது வழியில் ஒரு ரேடியாலஜிஸ்ட்டின் வார்த்தையை நம்பிக் குழந்தையின் நரம்பில் கீமோ மருந்து ஏறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவின் சிறுநீரகக் கட்டி வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கே நேராக அறுவைக்குப் போவார்கள். அதற்கும் வயதைக் கேட்டு ரிப்போர்ட்டில் எழுதும் ஒழுக்கம் வேண்டும்.

நியூரோபிளாஸ்டோமாவிலும் 2009 முதல் நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் அறுவையில் எவ்வளவு எடுக்க முடிந்தது என்பதை வைத்து நோயின் நிலையைச் சொன்னார்கள். கை தேர்ந்தவர் செய்தால் ஒரு நிலை, மற்றவர் செய்தால் வேறு நிலை. இப்போது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட முறையில், சிகிச்சைக்கு முந்தைய படத்தில் கட்டி பெருந்தமனியைச் சூழ்ந்திருக்கிறதா, சிறுநீரகக் குழாய்களைப் பிடித்திருக்கிறதா, தண்டுவடக் குழிக்குள் போயிருக்கிறதா என்று ஒரு வரிசையாகப் பார்க்கிறார்கள். ஒன்றுகூட இல்லையென்றால் எல்1. ஒன்று இருந்தாலும் எல்2. பரவியிருந்தால் எம். பதினெட்டு மாதத்துக்குட்பட்ட சிலருக்கு, தோலிலும் கல்லீரலிலும் மஜ்ஜையிலும் பரவியிருந்தும் தானாகவே கரையக்கூடிய எம்.எஸ். என்ற நிலையும் உண்டு.

ஆம், தானாகவே கரையும். ஜப்பானில் 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகள் எல்லாருடைய சிறுநீரையும் சோதித்து இந்த நோயைத் தேடினார்கள். நிறையக் குழந்தைகளுக்கு நோய் இருப்பதாகத் தெரிந்தது. அறுவையும் கீமோவும் நடந்தன. கண்டுபிடித்தவற்றில் பல, விட்டிருந்தால் தானே மறைந்திருக்கும் என்பது பிறகு புரிந்து 2003-04இல் அத்திட்டத்தை நிறுத்தினார்கள். பின்னர் அமெரிக்காவில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் சிறிய அட்ரீனல் கட்டிகளை அறுக்காமல் அல்ட்ராசவுண்டிலும் சிறுநீர்ச் சோதனையிலும் கவனித்து மட்டும் வந்த ஆய்வு 2012இல் வெளியானது. 83 குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்கு அறுவையே தேவைப்படவில்லை. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். பிறந்த சிசுவின் அட்ரீனலில் தெரிவது பிரசவத்தின்போது ஏற்பட்ட ரத்தக்கட்டாகக்கூட இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி பார்த்தால் ரத்தக்கட்டு சுருங்கியிருக்கும். அங்கே எந்தப் பெரிய கருவியும் தராத விடையை நாட்கள் தருகின்றன. ‘காத்திருங்கள்’ என்று சொல்லப்பட்ட பெற்றோர், மருத்துவர் அலட்சியம் செய்கிறார் என்று வேறு இடத்துக்கு ஓட வேண்டாம்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் கருவி இன்று தாலுகா ஊர்களிலும் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்கே பயன்படுகின்றன. குழந்தையின் வயிற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதற்கு அங்குள்ள மருத்துவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் குறைவு. சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட்ட இடத்தோடு கட்டுப்பட்டது. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டம் அவசியமானது. கருவியை எளிதில் குழந்தையிடம் கொண்டுபோக முடியாது என்பதால், குழந்தையைக் கருவியிடம் விரைந்து கொண்டுவரும் ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுக் கட்டி என்று சந்தேகித்த குழந்தைக்கு, இரண்டு நாட்களுக்குள் மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் என்ற ஏற்பாடு போதும். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய் முயற்சியில் முதலில் கவனிக்கத் தேர்ந்தெடுத்த ஆறு நோய்களில் வில்ம்ஸும் பர்க்கிட்டும் இருக்கின்றன. 2030க்குள் உலகில் குறைந்தது அறுபது சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பணக்கார நாடுகளில் இப்போதே எண்பதுக்கு மேல்.

ஊரகத்தில் ஸ்கேன் பார்க்கும் நண்பர்களே, ‘வயிற்றில் பெரிய கட்டி, சி.டி. எடுக்கவும்’ என்று ஒரே வரியில் ரிப்போர்ட்டை முடித்துவிடாதீர்கள். எந்த உறுப்பிலிருந்து, எத்தனை சென்டிமீட்டர், நீரா திடமா, சிரைக்குள் போயிருக்கிறதா, மறுபக்கச் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி என்று எழுதினால் மேல் மருத்துவமனையில் ஒரு சி.டி. மிச்சமாகும். தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று எழுதினாலும் அது எங்களுக்குப் பெரிய உதவி. பெற்றோர்களே, எந்த ஸ்கேன் எடுத்தாலும் ஃபிலிமோடு நிற்காமல் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி ஒரே பையில் வையுங்கள். அடுத்த மருத்துவமனைக்குப் போகும்போது முதலில் அதை நீட்டுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் படங்கள் முடிவதில்லை. வில்ம்ஸ் கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். அந்தக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை வயிற்றையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வயதில் குணமான குழந்தைக்கு முன்னால் இன்னும் எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்கு சி.டி. என்றால் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும் நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். மறுபரிசோதனைத் தேதியைக் குறித்துக் கொடுக்கும்போது அன்றைக்கு எந்த ஸ்கேன், எதற்காக என்பதையும் அதே சீட்டில் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள்.